லாரா கடற்கரை, சைப்ரஸ்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:

வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் ஜெர்மனியில் இருந்து சைப்ரஸ் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், அப்புறம் மதுரையில் இருந்து எங்களோடு சில மாதம் இருக்க வந்திருக்கும் அம்மா. தங்குவது பாஃபோஸில். அங்குள்ள ஹோட்டல் கடற்கரைகளின் படங்களைப் பார்த்தேன். சாய்வு நாற்காலியும் குடையும் வரிசை கட்டி நிற்கின்றன, மணலே கண்ணில் படவில்லை. எனக்கு மணலும் கடலும் மட்டும் இருக்கிற இடம் வேண்டும். கடை, பாட்டு, வாடகைப் படகு எதுவும் வேண்டாம்.

தேடியபோது அகாமாஸ் தீபகற்பத்தில் லாரா என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கடலாமைகள் முட்டையிடும் இடம் என்கிறார்கள். சாதாரண வாடகைக் காரில் போய்விட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தப் பாதை அவருக்கு ஒத்துவருமா? மகளுக்கு ஆமைக்குஞ்சு காட்ட வாய்ப்பு உண்டா? கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட இடத்துக்கு நாம் போவதே சரிதானா? "யாரும் வராத கடற்கரை" என்று கேள்விப்பட்டு எல்லாரும் கிளம்பினால் அங்கே என்ன மிஞ்சும் என்று உறுத்துகிறது.

லிமசோல்வாசி:

வாங்க. வேலை நிமித்தம் லிமசோலில் இருக்கிறேன், லாரா எனக்கு நன்றாகப் பழகிய இடம். வழியில் இருந்தே தொடங்குகிறேன்.

பாஃபோஸில் இருந்து வடக்கே கோரல் பே, அதைத் தாண்டி அகியோஸ் யோர்கியோஸ் என்ற சின்ன மீன்பிடித் துறைமுகம். அதுவரை நல்ல தார்ச்சாலை, பேருந்தும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து மண்பாதை தொடங்குகிறது. வலது கைப் பக்கம் அவாகாஸ் பள்ளத்தாக்குக்குப் பிரியும் வழி, அடுத்து டொக்ஸெஃப்ட்ரா கடற்கரை, அதையும் கடந்தால் லாரா. கோடையில் பாதை காய்ந்து கிடக்கும். நிதானமாகப் போனால் சாதாரண காரும் போய்ச் சேரும், போகிறவர்களும் உண்டு. ஆனால் வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மண்பாதையில் டயருக்கோ வண்டியின் அடிப்பாகத்துக்கோ சேதம் வந்தால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதனால் உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி எடுப்பது நல்லது, அதற்கும் மண்பாதைக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழை பெய்த மறுநாள் எந்த வண்டியிலும் போகாதீர்கள், பாதை சேறாகி வழுக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் மழை அபூர்வம்தான். வண்டி நம் ஊர் மாதிரி இடதுபுறம் ஓட்ட வேண்டும். ஜெர்மனியில் வலதுபுறம் ஓட்டிப் பழகியவர் கணவர் என்றால் முதல் நாள் ரவுண்டானாக்களில் கவனம்.

இப்போது விதிகள். லாராவும் டொக்ஸெஃப்ட்ராவும் மீன்வளச் சட்டத்தின் கீழ் 1989 முதல் பாதுகாக்கப்பட்ட ஆமைப் பகுதி. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை இவை பொருந்தும்: மணலில் வண்டி ஏற்றக்கூடாது. குடை, கூடாரம், சாய்வுப் படுக்கை போடக்கூடாது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியேறிவிட வேண்டும், விடியும் வரை உள்ளே வரக்கூடாது. கடலில் 20 மீட்டர் ஆழம் வரையுள்ள பகுதிக்குள் படகு வரக்கூடாது, தூண்டில் தவிர வேறு வழியில் மீன் பிடிக்கவும் கூடாது. குளிக்கலாம், நீந்தலாம். நீங்கள் போகும் நாட்களில் ஏழு மணி சுமாருக்குப் பொழுது சாயும், எனவே மாலை ஆறுக்கு முன் கிளம்பிவிடுங்கள்.

கடற்கரையில் கடை கிடையாது, குழாய் கிடையாது, குப்பைத்தொட்டியை நம்ப வேண்டாம். தண்ணீர் கொண்டு போங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

போவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில், விதியை மதித்து, ஓரமாக இருந்துவிட்டு வருகிறவரால் அங்கே கெடுதல் இல்லை என்பது என் எண்ணம்.

யாழ்_லண்டன்:

நாங்கள் லண்டனில் இருந்து பாஃபோஸுக்கு நேரடி விமானத்தில் போய் லாராவையும் பார்த்தோம். லிமசோல்வாசி சொன்ன வாடகைக் கார் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். எங்கள் வண்டியின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. முழு இன்சூரன்ஸ் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள், திருப்பிக் கொடுக்கும்போது டயர் அதில் சேராது என்று கடன் அட்டையில் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே தொலைபேசிச் சிக்னலும் சில இடங்களில் இல்லை. மேலதிக டயர் வண்டியில் இருக்கிறதா என்று புறப்படும் முன் திறந்து பாருங்கோ. பல வண்டிகளில் காற்றடிக்கும் பம்பும் ஒரு திரவமும் மட்டும்தான் வைத்திருப்பார்கள், கிழிந்த டயருக்கு அது உதவாது.

கடற்கரை மேற்கே பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பி அலை வரும். பிள்ளை நீந்த வேண்டும் என்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

நெடுவழி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கோரல் பேயில் நான்கு சக்கரத் திறந்த பக்கி வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். அந்தப் பாதைக்கென்றே செய்த மாதிரி ஓடும். குழுவாகக் கூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கடல் ஒரு பக்கம், சிவந்த மேடுகள் ஒரு பக்கம் என்று அந்தப் பயணமே ஒரு அனுபவம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடு, சுற்றுலாவில் பிழைக்கும் தீவு. ஒரு பத்து கிலோமீட்டர் சாலையைச் சீராகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? முழங்கால் வலி உள்ள ஒரு அம்மா நல்ல கடற்கரையைப் பார்க்கக் கூடாதா? இளைஞர்களும் ஜீப் எடுக்க வசதி உள்ளவர்களும் மட்டும் பார்க்க வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை.

ஆமைநடை:

நெடுவழி, உங்கள் கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நாட்களில் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவோடு இரவு நடை போனவன் நான். 1988இல் தொடங்கி இன்றும் நடக்கிற வேலை அது. ஜனவரி முதல் நீலாங்கரைப் பக்கம் மணலில் நடந்து பங்குனி ஆமையின் தடம் தேடுவோம். கூட்டைக் கண்டால் தோண்டி, முட்டைகளை எண்ணி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டு வந்து அதே ஆழத்தில் புதைப்போம். ஏன் அங்கேயே விடுவதில்லை? நாயும் மனிதரும் ஒரு காரணம், விளக்கு இன்னொரு பெரிய காரணம். இரவில் பொரித்து வரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இயற்கையில் அது கடல். சென்னையில் அது தெருவிளக்கு. குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து போய்ச் சாகும். அதைப் பார்த்தவர்களுக்கு இரவில் எரியும் ஒவ்வொரு விளக்கும் உறுத்தும்.

இந்தப் பின்னணியோடு லாராவுக்குப் போனேன். அங்கே திட்டம் 1978இல் தொடங்கியது, மீன்வளத் துறையில் இருந்த ஆந்திரியாஸ் டெமெட்ரோபூலோஸ் முன்னின்று தொடங்கிவைத்தது. மத்தியதரைக் கடல் பகுதியிலேயே முதன்முதலாக வந்த ஆமைத் திட்டங்களில் அது ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கு மத்தியதரைக் கடலில் ஆமைகளை இறைச்சிக்காகப் பெருமளவில் பிடித்து ஏற்றுமதி செய்து ஏறக்குறைய தீர்த்துவிட்டார்கள். அந்த நிலைமையில் இருந்துதான் இவர்கள் ஆரம்பித்தார்கள். அங்கே இரண்டு இனங்கள் முட்டையிடுகின்றன: பெருந்தலை ஆமை, அப்புறம் பச்சை ஆமை. நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் பேராமை என்பது இந்தப் பச்சை ஆமையைத்தான். மத்தியதரைக் கடலில் பச்சை ஆமை முட்டையிடும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே துருக்கியின் தென்கரையிலும் சைப்ரஸிலும் சிரியாவிலும்தான். ஆகவே லாரா போன்ற ஒரு மணல்மேடு போனால் பதிலுக்கு வேறு இடம் அதிகம் இல்லை.

அங்கே முட்டையைத் தோண்டி எடுப்பதில்லை, கூட்டை அது இருக்கும் இடத்திலேயே விட்டு வைக்கிறார்கள். கூட்டின் மேல் ஓர் உலோகக் கூண்டைக் கவிழ்த்து அதன் ஓரத்தை மணலில் புதைக்கிறார்கள், அவ்வளவுதான். முக்கிய எதிரி நரி, அது தோண்ட முடியாது. குஞ்சு வெளியே வரும் அளவுக்குக் கம்பி இடைவெளி இருக்கும். சென்னையில் இதைச் செய்ய முடியாது, லாராவில் முடிகிறது. காரணம், அங்கே விளக்கு இல்லை. விளக்கு இல்லாததற்குக் காரணம் ஹோட்டல் இல்லை. ஹோட்டல் இல்லாததற்குக் காரணங்களில் ஒன்று அந்தப் பாதை. சாலை மட்டும் தனியாக வராது, நெடுவழி. பின்னாலேயே மின்கம்பமும், உணவகமும், அதற்குப் பார்க்கிங்கும் வரும்.

இன்னொன்று. கூட்டு மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் நடுக்கோடு, அதற்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகளே அதிகம். பூமி சூடாகிவரும் நேரத்தில் இது ஏற்கனவே கவலை. குடை நட்டால் கம்பி முட்டையில் இறங்கும், வண்டி ஏற்றினால் மணல் இறுகிக் குஞ்சு மேலே வர முடியாது. சக்கரத் தடம் ஆழமாக இருந்தால் குஞ்சு அதற்குள் விழுந்து அதன் போக்கிலேயே போய்க் களைத்துவிடும். விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

பக்கி வண்டிகளைப் பற்றி: தயவுசெய்து வேண்டாம். அவை வரிசையாகப் போகும்போது எழும் வெண்புழுதி இரு பக்கப் புதர்களின் இலையை மூடிவிடுகிறது. அமைதிக்காகப் போகிற வைகைக்கரைக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

நெடுவழி:

விளக்கு பற்றிச் சொன்னது புரிகிறது, அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பாதையை மோசமாக வைத்திருப்பது ஒரு கொள்கையாக இருக்க முடியாது. சாலை ஓரளவு சீராக இருக்கட்டும், வண்டி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தட்டும், சின்னப் பேருந்து விடட்டும். அதுதானே நிர்வாகம்?

லிமசோல்வாசி:

இங்கே உள்ளூரில் ஓயாமல் நடக்கிற சண்டையே இதுதான். கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

அகாமாஸ் இவ்வளவு காலம் தப்பித்ததற்கு ஒரு வினோதமான காரணம் உண்டு. சைப்ரஸ் 1960இல் விடுதலை பெற்ற பிறகும் ஒப்பந்தப்படி பிரிட்டிஷ் ராணுவம் அகாமாஸில் துப்பாக்கிப் பயிற்சி செய்து வந்தது. குண்டு வெடிக்கும் இடத்தில் யார் ஹோட்டல் கட்டுவார்கள்? பயிற்சி நின்ற பிறகு கட்டுமானக்காரர்களின் கண் அங்கே விழுந்தது. இன்று தீபகற்பத்தின் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாக்கும் இயற்கைப் பகுதிகளின் பட்டியலான நாச்சுரா 2000இல் இருக்கிறது, தேசிய வனப் பூங்காத் திட்டமும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பகுதியாக மண்பாதைகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். 2024 தொடக்கத்தில், ஒப்புக்கொண்ட சுற்றுச்சூழல் நிபந்தனைகளைத் தாண்டி பாதையை அகலப்படுத்தி மலையை வெட்டுகிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது, வேலையை நிறுத்தினார்கள். பாதைச் சீரமைப்பு என்று தொடங்கியது எப்படி மாறும் என்பதற்கு அது கண்முன் உதாரணம். எனவே நீங்கள் போகும்போது பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தவறு. லாரா இருப்பது மேட்டில் உள்ள இனியா கிராமத்தின் எல்லையில். அந்த ஊர்க்காரர்களுக்குக் கடலோரம் நிலம் உண்டு, கட்ட அனுமதி இல்லை. பக்கத்து ஊரான பெயியாவில் கோரல் பே வரை வீடும் ஹோட்டலும் வளர்ந்து நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. "ஆமையைக் காப்பாற்றும் செலவு முழுக்க எங்கள் தலையில், பார்க்க வருகிறவர் பணம் செலவழிப்பது வேறு ஊரில்" என்பது அவர்களின் பல வருட ஆற்றாமை. அது பொய் இல்லை. அதனால் நான் லாரா போனால் திரும்பும்போது மேட்டில் ஏறி இனியாவிலோ ட்ரூஷாவிலோதான் சாப்பிடுவேன். நீங்களும் முடிந்தால் அப்படிச் செய்யுங்கள். ஹலூமி என்ற உள்ளூர்ப் பாலாடைக்கட்டியைச் சுட்டுத் தருவார்கள், பருப்பும் கீரையும் கிடைக்கும், அம்மாவுக்கும் சரிப்படும்.

நெடுவழி சொன்ன சின்னப் பேருந்து நல்ல யோசனை. சாலையை அகலப்படுத்தாமல் அதைச் செய்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

உப்புக்காற்று:

கட்டுப்பாடு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இத்தாலியின் சார்டினியா தீவைப் பாருங்கள். கிழக்குக் கரையில் பாவுனேய் ஊராட்சியில் காலா கோலோரிட்சே என்று ஒரு சிறு கடற்கரை. 1962இல் மலைச்சரிவில் பாறை விழுந்து உண்டானது, தலைக்கு மேல் 143 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் கூம்பு நிற்கும். சாலை கிடையாது. கோல்கோ மேட்டுநிலத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்லும் சரிவுமான பாதையில் இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு 250 பேருக்கு மட்டும் அனுமதி, கைபேசி ஆப்பில் முன்பதிவு, சின்னக் கட்டணம். படகுகள் கரைக்கு வரக்கூடாது, மிதவைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். 2025இல் உலகின் சிறந்த கடற்கரை என்று ஒரு பட்டியலில் முதலிடம் வேறு கொடுத்துவிட்டார்கள். அந்த 250 என்ற எண் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வருடமே நாசமாகியிருக்கும்.

அங்கே மணலையோ கூழாங்கல்லையோ எடுத்து வந்தால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம், 2017 முதல் பிராந்தியச் சட்டம். 2019இல் ஒரு வெளிநாட்டுத் தம்பதி காரில் 40 கிலோ மணலோடு துறைமுகத்தில் பிடிபட்டார்கள். இன்னும் வடக்கே புதேல்லி தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் 1990களில் இருந்து கால் வைக்கவே அனுமதி இல்லை. அந்த நிறம் நுண்ணிய கடலுயிரிகளின் ஓட்டில் இருந்து வருவது, ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று அள்ளிக்கொண்டு போய்த் தீர்த்துவிட்டார்கள். இப்போது படகில் இருந்து பார்க்கலாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நடக்க முடியாதவர்களுக்குக் கோலோரிட்சே எட்டாது, உண்மைதான். ஆனால் அதே கரையில் படகில் போய் இறங்கக்கூடிய காலா மரியோலு இருக்கிறது. ஒரு கரையோரத்தில் சில இடம் எல்லாருக்கும், சில இடம் அரிதாக, ஒன்றிரண்டு யாருக்கும் இல்லை என்று பிரித்து வைப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். சைப்ரஸில் கடற்கரைக்கா பஞ்சம்?

சித்திரைநிலா:

உப்புக்காற்று சொன்னதை ஆமோதிக்கிறேன். கிரேக்கத்தின் சாகிந்தோஸ் தீவில் இரண்டையும் ஒரே வளைகுடாவில் பார்க்கலாம். லகானாஸில் மதுக்கூடமும் விளக்கும். அதே வளைகுடாவின் செகானியா கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் நெருக்கமாக முட்டையிடும், சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியே இல்லை. 1999இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். லகானாஸுக்கு அது தாமதமாக வந்த பாதுகாப்பு. லாராவுக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. பக்கி வண்டி இல்லை என்று முடிவு செய்துவிட்டோம், வாடகை ஜீப்தான். இன்னும் சில கேள்விகள். குடை போடக்கூடாது என்றால் அம்மாவுக்கு நிழலுக்கு என்ன செய்வது? குஞ்சுகள் பற்றி யாராவது சொல்லுங்கள். அம்மாவிடம் இருப்பது ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா, சைப்ரஸுக்கு அது போதுமா?

லிமசோல்வாசி:

விசா முதலில். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் கூட்டில் இன்னும் இல்லை. பலமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்து, அதில் ஏற்கனவே ஒரு ஷெங்கன் நாட்டுக்குள் நுழைந்திருந்தால் தனி விசா தேவையில்லை. ஒருமுறை நுழைவு என்றால் நடக்காது, ஜெர்மனிக்குத் திரும்புவதும் சிக்கலாகிவிடும். விசா ஸ்டிக்கரில் பலமுறை என்பதற்கான குறி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், தூதரகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்யுங்கள்.

நிழலுக்கு ஒரே வழி நேரம்தான். எட்டு, எட்டரைக்கு அங்கே இருந்தால் பதினொன்றுக்குள் கிளம்பிவிடலாம். வெயில் ஏறிய பிறகு அந்த மணலில் முதியவர்களை உட்கார வைக்காதீர்கள், மரமே கிடையாது. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அகியோஸ் யோர்கியோஸிலேயே அம்மாவோடு ஒருவர் இருந்துவிடுங்கள். மேட்டில் ஆறாம் நூற்றாண்டுத் தேவாலயங்களின் இடிபாடும் தரைச் சித்திரங்களும் உண்டு, கீழே துறைமுகம், எதிரே யெரோனிசோஸ் என்ற குட்டித் தீவு. அதுவும் அழகான இடம்தான். அவாகாஸ் பள்ளத்தாக்கு போகும் எண்ணம் இருந்தால் பாறை விழும் அபாயம் உண்டு, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆமைநடை:

குஞ்சுகள் பொதுவாக இரவில்தான், மணல் குளிர்ந்த பிறகு வெளியே வரும். அப்போது நமக்கு அனுமதி இல்லை. அந்தத் தடை சரியானதுதான். ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் கடைசிக் கூடுகள் பொரிந்துகொண்டிருக்கும். பொரிந்து சில நாள் ஆன கூடுகளைப் பணியாளர்கள் காலையில் தோண்டிப் பார்ப்பார்கள், உள்ளே தங்கிவிட்ட குஞ்சு இருந்தால் எடுத்து விடுவார்கள். அது உங்கள் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். குழந்தைக்கு முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். கடற்கரையில் உள்ள ஆமைத் திட்ட நிலையத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டால் அவர்கள் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள்.

ஒரு வேலையும் மகளுக்குக் கொடுங்கள். யாரும் வராத கடற்கரை என்றால் பிளாஸ்டிக் இருக்காது என்று நினைக்க வேண்டாம். சைப்ரஸ் மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருப்பதால் நீரோட்டம் கொண்டு வந்து சேர்க்கும். 2018இல் பிரிட்டனின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவின் வடபகுதி ஆமைக் கடற்கரைகளின் மணலைச் சோதித்து, உலகிலேயே மிக அதிகமாக நுண் பிளாஸ்டிக் சேர்ந்த இடங்களின் வரிசையில் அவை வருவதாகச் சொன்னார்கள். அந்தச் சில்லுகள் அங்கே வருகிறவர்கள் போட்டவை அல்ல, தூரத்தில் இருந்து கடலில் மிதந்து வந்தவை. ஒரு பையில் பொறுக்கச் சொல்லுங்கள், ஈரமணலில் அலை ஓரமாக மட்டும். மேல்மணலில் தோண்ட வேண்டாம், கூண்டு இல்லாத கூடும் இருக்கலாம்.

வைகைக்கரை:

போய் வந்துவிட்டோம். கேட்டு வாங்கிய அறிவுரைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, எழுதுகிறேன்.

அம்மாவின் விசா பலமுறை நுழைவுதான், விமான நிலையத்தில் ஒரு கேள்வியோடு முடிந்தது. ஜீப்பை நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினார் கணவர். அம்மா முன் இருக்கையில், இடுப்புக்குப் பின்னால் தலையணை. பிரச்சினை இல்லை. "கிராமத்துல இதைவிட மோசமான ரோட்டுல பஸ்ல போயிருக்கேன்" என்றார்.

காலையில் நாங்கள் போனபோது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் பிறைபோல வளைந்த மணல், பின்னால் தாழ்ந்த மணல்மேடுகள். மேட்டோரத்தில் இலை கருகிய தண்டுகளின் நுனியில் வெள்ளை வெளேர் என்று பூக்கள், ஆறு இதழ், நடுவே ஒரு கிண்ணம். கடல் அல்லிப்பூ என்று நிலையத்தில் இருந்த பெண் சொன்னார். தண்ணீர் துளியும் இல்லாத மணலில் அது எப்படிப் பூக்கிறது என்று அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நிலையத்தின் நிழலில் அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து முழங்கால் வரை தண்ணீரில் நின்றார்.

குஞ்சு பார்க்கவில்லை. ஆனால் ஒரு கூண்டின் கீழ் விளிம்பில் இருந்து அலை வரைக்கும் சின்னச் சின்னத் தடங்கள் விசிறி போல விரிந்து போயிருந்தன. நடுவில் வழவழப்பான ஒரு கோடு, இரு பக்கமும் துடுப்பு பதிந்த கமா வடிவக் குறிகள். முந்திய இரவு பொரிந்த கூடாம். மகள் அவற்றை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து, எந்தக் குஞ்சு நேராகப் போனது, எது வழி மாறித் திரும்பியது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். ஒரு தடம் கட்டைக்குப் பின்னால் போய் அரைவட்டம் அடித்து மறுபடி கடலைப் பிடித்திருந்தது. அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பையில் பொறுக்கியது பெரும்பாலும் நீல, பச்சைக் கயிற்றுத் துண்டுகளும் பாட்டில் மூடிகளும்.

ஒரு வருத்தம். பத்து மணி வாக்கில் பக்கி வண்டிகள் வந்தன. பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், ஆனால் அந்தப் புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. ஆமைநடை சொன்னதை நேரில் பார்த்தேன். நெடுவழியின் சின்னப் பேருந்து யோசனையை இனியாவில் சாப்பிட்ட உணவகத்தில் சொன்னேன். அங்கிருந்த பெரியவர், அது தங்கள் ஊர் வழியாக வரும் என்றால் நாளைக்கே சம்மதம் என்றார்.

நெடுவழி:

அம்மா தண்ணீரில் நின்றார் என்று படித்ததும் மகிழ்ச்சி. பக்கி வண்டி பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பேருந்து விஷயத்தில் என் கருத்து இன்னும் அதேதான், இப்போது ஊர்ப் பெரியவரும் என் பக்கம்.

மே மாதத்தில் போனால் என்ன இருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

லிமசோல்வாசி:

மே நடுவில் மேடெல்லாம் தைம் செடி பூத்து மணக்கும், தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிர். பெருந்தலை ஆமைகள் மே கடைசியில்தான் கரையேறத் தொடங்கும், பச்சை ஆமை ஜூனில். ஜூன் 1க்கு முன் என்பதால் மணலில் வண்டி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முதல் கூடுகள் அதற்கு முன்பே வந்திருக்கக்கூடும். ஏப்ரலில் மழை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அந்த வாரம் நான் போனால் பாதையின் படம் போடுகிறேன்.